ஆற்று நீர் கடலுக்குப் போவது வீணா?

வணக்கம் நண்பர்களே. "இத்தனை நீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது" என்ற வரியைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கடலுக்குள் போன அந்த நீர் அங்கே என்ன செய்கிறது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

கடலின் மேற்பரப்பில் வெளிச்சம் தாராளம், சத்துதான் பற்றாக்குறை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நுண்பாசிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அவை மடிந்து அமிழும்போது சத்தும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. கரையோரத்தில் அந்த இழப்பை ஈடுகட்டுவதில் ஆற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

எகிப்தைப் பாருங்கள். நைல் வெள்ளம் ஆண்டுதோறும் மத்தியதரைக் கடலுக்குள் பாய்ந்து நுண்பாசிகளைப் பெருக்கியது. அவற்றை நம்பி மத்தி மீன்கள் திரண்டன. 1964இல் அஸ்வான் உயர் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. 1962இல் சுமார் 18,000 டன்னாக இருந்த மத்தி பிடிப்பு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. வீண் என்று சொல்லப்படும் நீரின் மதிப்பு இது.

சரி, ஆற்றின் சத்து கடல் நீரில் என்ன ஆகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் இப்போது திரையில் இருக்கிறது. கிடையச்சில் உவர்ப்பு, நிலையச்சில் நைட்ரேட். முகத்துவாரத்திலிருந்து கடல்நோக்கிப் போகப் போக மாதிரி நீர் எடுத்துப் புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால், ஆற்று நீரும் கடல் நீரும் வெறுமனே கலக்கின்றன என்று பொருள். கோட்டுக்குக் கீழே தொய்ந்தால், வழியில் யாரோ சத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: பாசிகளாக இருக்கலாம், அல்லது சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றியிருக்கலாம். கோட்டுக்கு மேலே எழும்பினால் வழியிலேயே சத்து சேர்கிறது. பாஸ்பேட்டில் இதை அடிக்கடி காணலாம். அது வண்டல் துகள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, உப்பு நீர் பட்டதும் அவற்றை விட்டுப் பிரிகிறது. ஒரே ஒரு கோட்டில் இவ்வளவு கதை!

ஆனால் சத்து மிகுந்த இடத்திலேயே பாசி மிகுந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமேசான் முகத்துவாரத்தை ஒட்டிய கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்குவதில்லை. வண்டல் படிந்து நீர் தெளிகிற தொலைவில்தான் பாசி பெருகுகிறது. இன்னொன்றும் உண்டு. வெளியேறும் நன்னீர் மேலே ஓடும்போது அடியிலுள்ள கடல் நீரையும் தன்னோடு இழுத்துக் கலந்துகொள்கிறது. சில முகத்துவாரங்களில் ஆறே சுமந்துவரும் சத்தைவிட, இப்படி ஆழத்திலிருந்து மேலேறும் சத்து அதிகம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். அளவை மட்டும் பார்த்தால் போதாது, விகிதத்தையும் பார்க்க வேண்டும். நுண்பாசிகளின் உடலில் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்களுக்கு 1 பாஸ்பரஸ் அணு இருக்கும். கண்ணாடி போன்ற ஓடு கொண்ட நுண்பாசி வகையான டயாட்டங்களுக்கு ஏறக்குறைய நைட்ரஜன் அளவுக்கே சிலிக்கானும் தேவை. பாறைகள் சிதைவதால் ஆற்றில் சேரும் அந்தச் சிலிக்கானில் ஒரு பகுதியை அணைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வயல் உரமும் கழிவுநீரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கூட்டுகின்றன, சிலிக்கானைக் கூட்டுவதில்லை. டயாட்டங்கள் பின்தங்க, வேறு வகைகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உணவுச் சங்கிலியின் அடித்தளமே மாறுகிறது.

சத்து மிதமிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு சான்று. மெக்சிகோ வளைகுடாவில் அந்த நன்னீர் மேலே போர்த்திக்கொள்வதால் அடிநீருக்குக் காற்று எட்டுவதில்லை. மேலே பெருகிய பாசி மடிந்து கீழே அழுகும்போது, அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீந்தத் தெரிந்த மீன்கள் விலகிவிடும். அடித்தரையில் வாழ்பவை பல மடியும். 2017 கோடையில் ஆக்சிஜன் குறைந்த இந்தப் பகுதி சுமார் 22,700 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்தது. மே மாதம் ஆறு சுமந்துவரும் நைட்ரேட்டை வைத்தே கோடையில் அது எவ்வளவு விரியும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டிக் கணிக்கிறார்கள். இடையில் புயல் வந்து நீரைக் கலக்கிவிட்டால் அந்தக் கணிப்பு தவறிப்போகும்.

சிலிக்கானைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும். அதற்கெனத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். உங்கள் கேள்விகளைக் கீழே எழுதுங்கள், அதிலேயே பதில் சொல்கிறேன்.