பழம் தின்றால் வாய் அரிக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். முலாம்பழமும் தர்பூசணியும் தெருவோரங்களில் குவியும் கோடை மாதங்களில் எங்களைப் போன்ற குழந்தை மருத்துவர்களிடம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "பழம் தின்றால் வாய் அரிக்குதுன்னு சொல்றான் டாக்டர். நிஜமா, இல்ல பழம் வேண்டாங்கிறதுக்குச் சாக்கா?"

பெரும்பாலும் நிஜம்தான். குழந்தைகளுக்கு 'அரிப்பு' என்று சொல்லத் தெரியாமல் போகலாம். நாக்கில் முடி ஒட்டியிருக்கிறது என்பார்கள், முள் குத்துகிறது என்பார்கள். வாழைப்பழம் காரமாக இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். பேச வராத குழந்தை நாக்கை மேலண்ணத்தில் தேய்க்கும், காதைக் குடையும். அண்ணத்தில் வரும் அரிப்பு காதிலும் தெரியும்.

எனக்கு மறக்காத ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. முலாம்பழம் தின்றால் இரண்டு நிமிடத்தில் உதடும் அண்ணமும் நமநமவென்று அரிக்கும், அரைமணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். வெங்காயப் பச்சடியில் போட்ட தக்காளித் துண்டும் அப்படித்தான். ஆனால் தக்காளி ரசம் என்றால் இரண்டு கரண்டி கூடக் கேட்பான். வீட்டில் எல்லோருக்கும் இதுதான் கோபம். "ரசத்தில் இருப்பது தக்காளி இல்லையா? அதுக்கு மட்டும் அரிக்காதா?" என்று அவன் அப்பா என் எதிரிலேயே அதட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூட வந்திருந்த பாட்டிதான், "வெந்தா ஒண்ணும் பண்ணல, பச்சையாத் தின்னாத்தான் பண்ணுது" என்றார். நோயின் பாதி விளக்கம் அந்த ஒரு வரியில் இருந்தது. இன்னொரு கேள்விதான் பாக்கி. "தும்மல் உண்டா?" என்று கேட்டேன். வருடத்தில் பாதி நாள் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணைக் கசக்கல். ரசம் பிடிக்கும், பச்சடி பிடிக்காது என்று அந்தப் பையன் நடிக்கவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

தும்மலுக்கும் முலாம்பழத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சிலருடைய உடல் காற்றில் வரும் மகரந்தத்தை எதிரியாக எண்ணி, அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் புல், பார்த்தீனியம், சீமைக் கருவேலம் இவற்றின் மகரந்தமெல்லாம் மூக்கைப் படுத்தக்கூடியவை. மகரந்தத்தில் இருக்கும் சில புரதங்களைப் போலவே பழத்திலும் உண்டு. புரோபிலின் என்று ஒன்று, ஏறக்குறைய எல்லாச் செடிகொடிகளிலும் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவர் என்று நினைத்து அதே சட்டை போட்ட வேறொருவர் முதுகில் தட்டுகிறோமே, அப்படித்தான் உடல் பழத்தை மகரந்தம் என்று பிடித்துக்கொள்கிறது. பழம் பட்ட இடத்தில் ஹிஸ்டமின் சுரக்கிறது, அரிக்கிறது.

அப்புறம் ஏன் வாயோடு நின்றுவிடுகிறது? இந்தப் புரதங்கள் மென்மையானவை. வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும், அடுப்புச் சூட்டிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். ரசம் அரிக்காததன் காரணம் இதுதான். ஐரோப்பாவில் பிர்ச் என்ற மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆப்பிள், செர்ரி, கேரட் பச்சையாகத் தின்றால் அரிக்கும், அடுப்பில் சுட்ட ஆப்பிள் ஒன்றும் செய்யாது. லண்டனிலோ டொரொண்டோவிலோ வளரும் உங்கள் பேரப்பிள்ளைகள் ஆப்பிளைத் தள்ளிவைத்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பழ ஒவ்வாமை பற்றி அமெரிக்காவில் டஃப்ட், புளூம்ஸ்டீன் என்ற இருவர் 1942-லேயே எழுதிவிட்டார்கள். வாய் ஒவ்வாமை என்று அதற்குத் தனிப் பெயர் வந்தது 1987-ல். மகரந்தம் பழகிப் பழகித்தான் இது வரும் என்பதால், கைக்குழந்தைகளைவிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறோம்.

வாய் அரித்தால் எல்லாமே ஒவ்வாமை என்றும் எண்ணிவிடக் கூடாது. அன்னாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை அரிக்கும் குணம் கொண்டது. நிறையத் தின்றால் யாருக்கும் நாக்கு எரியும், உங்களுக்கும் எனக்கும் எரியும். சூடு பட்டால் அந்த நொதி செயலிழக்கும், அதனால் அன்னாசி கேசரி எரிவதில்லை. சேனைக்கிழங்கு அரிப்பது இன்னொரு வகை, அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் குத்துகின்றன. மாங்காய்ப் பால் உதட்டில் பட்டு வரும் புண்ணோ உடனே வராது, பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் தடித்துக் கொப்புளிக்கும். காம்பை வெட்டிப் பாலை வடியவிட்டு, கழுவி, தோலைச் சீவிக் கொடுத்தால் பலருக்கு மாம்பழத்தில் சிக்கலே இல்லை. சின்னக் குழந்தைக்கு ஆரஞ்சு, தக்காளிச் சாறு பட்ட இடத்தில் மட்டும் வாயைச் சுற்றிச் சிவந்தால், அது புளிப்பு தோலை உறுத்துவதாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே மூன்றே கேள்விகள். எவ்வளவு நேரத்தில் வந்தது? வேகவைத்துக் கொடுத்தாலும் வருகிறதா? வாயோடு நின்றதா? மூன்றாவது கேள்வியைத் திரும்பச் சொல்கிறேன், காரில் போகிறவர்களும் சமையலறையில் இருப்பவர்களும் இதை மட்டுமாவது காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: வாயோடு நின்றதா? உடம்பெல்லாம் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, குரல் மாறுவது, தொண்டை அடைப்பு, இருமல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், குழந்தை துவண்டு போவது, இவற்றில் எது வந்தாலும் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. வாயில் மட்டும் அரித்தால் பழத்தைத் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வைத்துக் கூடவே இருந்து பாருங்கள்.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற விதி நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் கிடையாது, வறுத்தாலும் அவற்றின் ஒவ்வாமை போகாது. சில பழங்களிலும் சூட்டுக்கு அசையாத புரதங்கள் உண்டு. அதனால் வேகவைத்துக் கொடுத்தும் அரித்தால், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டை வகையால் அரித்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால், மருத்துவரிடம் காட்டாமல் வீட்டில் பரிசோதிக்க வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இன்னொன்று. ஒரு பழம் அரித்ததற்காக எல்லாப் பழத்தையும் நிறுத்துகிறார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு நீளமான தாள் வரும், ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தின் பெயரைப் போட்டு, அரிசி முதல் பால் வரை தடை. ஐஜிஇ வேறு, ஐஜிஜி வேறு. சாப்பிட்ட உணவுக்கு எல்லோர் ரத்தத்திலும் ஐஜிஜி இருக்கும், அதை வைத்து ஒவ்வாமையைச் சொல்ல முடியாது. அந்தத் தாளை நம்பி இளைத்துப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரிக்கிற பழத்தை மட்டும் விடுங்கள், அரிக்காத பழங்களைத் தாராளமாகக் கொடுங்கள். வற்புறுத்தி ஊட்டவும் வேண்டாம். ஒத்துக்கொள்ளாத பழத்தைச் சாறாக்கி வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறையக் கொடுப்பது கூடவே கூடாது, ஒரே மூச்சில் நிறையப் போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டிவிட்டார்கள், இரண்டு விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்குப் போனால் அந்தப் பழத்தையே கையோடு எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். பரிசோதனைக்கென்று புட்டியில் வரும் சாற்றில் இந்தப் புரதங்கள் பல கெட்டுப்போயிருக்கும், பழத்தில் குத்திய ஊசியால் தோலில் குத்திப் பார்ப்பது இன்னும் சரியாகச் சொல்லும். அடுத்தது ரப்பர். வாழைப்பழம், பப்பாளி, கிவி அரிக்கிற பிள்ளைக்குப் பலூன் ஊதினாலும் உதடு தடித்தால், ரப்பர்ப் பாலும் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பல் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சைக்கோ கூட்டிப் போகும்போது, அவர்கள் கையுறை போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.