பாலாறு தாளைத் தாண்டினால்: லேடெக்கில் பெரிய படத்தை நடுவில் வைப்பது

[திரையில்: அச்சிட்ட ஏ4 தாள். பாலாற்று வரைபடத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது]

வணக்கம். இந்தத் தாளைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று பாலாறு கிழக்கே போகிறது. ஆற்காடு வரை சரியாக இருக்கிறது. அடுத்து வாலாஜா வரவேண்டும். 'வா' என்ற எழுத்தோடு தாள் முடிந்துவிட்டது.

காட்பாடியில் லேடெக்கில், அதாவது கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளில், ஆய்வேடு எழுதும் ஒரு தங்கை இதைக் கொண்டுவந்தாள். "அண்ணா, சென்டரிங் போட்டுத்தான் இருக்கேன். அப்புறமும் ஏன் வலது பக்கமே ஓடுது?"

[திரையில்: தாளின் மேல் அளவுகள்]

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். பைண்டிங்குக்காக இடப்பக்கம் 38, வலப்பக்கம் 25 விட்டிருக்கிறாள். எழுத்துக்கு மிச்சம் 147. வரைபடமோ 180. எழுத்து தொடங்கும் இடத்திலேயே படமும் தொடங்கினால், 38-உம் 180-உம் சேர்ந்து 218. கடைசி 8 மில்லிமீட்டருக்குத் தாளே இல்லை. வாலாஜா அங்கேதான் போய்விட்டது.

படத்தை நடுவில் வைக்கச் சொல்லும் சென்டரிங் கட்டளை என்ன செய்கிறது? படத்தின் இரண்டு பக்கமும் ஒரு ஸ்பிரிங் வைக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். லேடெக்கில் இதற்குக் 'குளூ' என்று பெயர். இந்த ஸ்பிரிங் நீளும். பூஜ்யத்துக்குக் கீழே சுருங்காது. சின்னப் படமென்றால் இரண்டும் சமமாக நீண்டு நடுவில் நிறுத்திவிடும். பெரிய படத்தில் நீள்வதற்கு இடமே இல்லை. இடது ஸ்பிரிங் பூஜ்யத்தில் நிற்க, கூடுதலான 33 மில்லிமீட்டரும் வலது பக்கம் வழிகிறது. லேடெக் எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பான லாக் ஃபைலில் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று, வரி அகலத்தைத் தாண்டிவிட்டதாக எச்சரிக்கை வரும், சுமார் 93.9 பாயின்ட். அதே 33 மில்லிமீட்டர்தான் அது. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. தயவுசெய்து படியுங்கள்.

[திரையில்: கட்டளை வரி, பெரிதாக]

சரி, தீர்வு. பேக்ஸ்லாஷ் மேக்பாக்ஸ். முதல் சதுர அடைப்பில் பேக்ஸ்லாஷ் டெக்ஸ்ட்வித், அதாவது எழுத்துப் பகுதியின் அகலம்; அடுத்ததில் நடுவைக் குறிக்கும் சி. பிறகு நெளிவு அடைப்புக்குள், படத்தைச் சேர்க்கும் உங்கள் இன்க்ளூட்கிராஃபிக்ஸ் வரி முழுவதும்.

உள்ளே எவ்வளவு பெரிய படம் இருந்தாலும், தன் அகலம் டெக்ஸ்ட்வித் மட்டும்தான் என்று இந்தப் பெட்டி கணக்குக் காட்டும். இதன் ஸ்பிரிங்குகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் சுருங்கும். அதனால் 33 இரண்டாகப் பிரிந்து, பக்கத்துக்கு 16.5 வெளியே நீட்டும். எச்சரிக்கையும் வராது.

இப்போது ஸ்கேல் வைத்து அளந்தால் இடப்பக்கம் 21.5, வலப்பக்கம் 8.5. படம் நிற்பது எழுத்துப் பகுதிக்கு நடுவில், தாளுக்கு நடுவில் அல்ல. தாளுக்கு நடுவென்றால் பக்கத்துக்கு 15 வரவேண்டும். நான் அப்படி நகர்த்தமாட்டேன். இடது ஓரத்தைப் பைண்டிங் தின்றுவிடும்.

ஆனால் வலப்பக்கம் 8.5 எனக்குப் போதவில்லை. ஓரம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் தள்ளினாலும் படம் போய்விடும். 147-க்கே சுருக்கினால் 7 பாயின்ட் ஊர்ப் பெயர்கள் 5.7 ஆகி, கண்ணுக்குச் சிரமம். 170-க்குச் சுருக்கச் சொன்னேன். எழுத்து 6.6 பாயின்ட், வலப்பக்கம் 13.5 மில்லிமீட்டர்.

கேப்ஷனை இந்தப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஃபிகர் சூழலுக்குள் இல்லாமல் பத்தியில் படம் போடுவதானால் பத்தியின் தொடக்க இடைவெளியை நீக்கும் நோஇன்டென்ட் கட்டளையை முன்னால் சேருங்கள். தாளைவிடவே அகலமான படமென்றால் சைட்வேஸ்ஃபிகர் போட்டுத் திருப்புவதுதான் வழி.

[திரையில்: புதிய பிரிண்ட். வாலாஜா முழுப் பெயரோடு, பக்கத்தில் ஸ்கேல்]