சிறை வாசலில் நின்ற சிநேகிதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சமூக நீதியை நகர்த்துவது சட்டமா, நட்பா?" என்ற தலைப்பில் நட்பின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அடுக்கிவிட்டுப் போனார். சரி, அதே அமெரிக்காவுக்கே போவோம். அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம்.

ரோசா பார்க்ஸ் கறுப்பினப் பெண், தையல் தொழிலாளி, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு அந்த ஊர்ச் செயலாளர். வர்ஜீனியா டர் வெள்ளைக்காரப் பெண், வக்கீலின் மனைவி. டர் வீட்டுக்கு ரோசா துணி தைத்துக் கொடுப்பார். "கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் என்ன நட்பு?" என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஏற்றத்தாழ்வை நான் மறைக்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் கறுப்பினத்தவரை, எவ்வளவு மூத்தவரானாலும், வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டர் கூப்பிட்டது 'மிஸஸ் பார்க்ஸ்' என்று. ஒரு 'ர்' விகுதிக்குள் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தமிழ் பேசும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற தீர்ப்பு 1954-லேயே வந்துவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்று 1955 கோடையில் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் பயிலரங்கு நடந்தது. ரோசாவைப் பரிந்துரைத்து அனுப்பியவர் டர். அங்கே காலையில் காபி மணத்தோடு கண் விழிக்கிறார் ரோசா. அடுப்படியில் நிற்பது வெள்ளைக்காரர்கள்! 42 வயதில் கிடைத்த அந்தச் சந்தோஷத்தை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ரோசாவைப் போராளி ஆக்கியது டர் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் அதற்குப் பல வருடம் முன்பே களத்தில் இருந்தவர்.

அப்புறம் டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசாவைக் கைது செய்கிறார்கள். சங்கத்தின் முன்னாள் தலைவர் இ. டி. நிக்சன் சிறைக்குப் போன் செய்தால், கறுப்பினத்தவர் என்பதால் என்ன வழக்கு என்றுகூடச் சொல்லவில்லை. டரின் கணவர் கேட்டதும் பதில் வந்தது. மூன்று பேரும் ஜாமீனுக்குக் கிளம்பினார்கள். கம்பி வலைக் கதவைத் தாண்டி வந்த ரோசா முதலில் பார்த்தது கண் கலங்கி நின்ற டரைத்தான். சகோதரியைப் போலக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார் என்று ரோசா எழுதுகிறார். சிறை வாசலில், போலீசார் பார்க்க!

அதற்குப் பிறகு 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு. ரோசாவுக்கு வேலை போயிற்று. அவருக்காக நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்டார் டர். பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1956 நவம்பரில்தான் வந்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றைச் சொல்லட்டும். அந்த டிசம்பர் இரவில், அந்தக் கம்பிக் கதவுக்கு உள்ளே ரோசாவைத் தள்ளியது எது? வெளியே காத்து நின்றது எது?