ஊரை இணைச்சா சொத்து வரி குறையுமா? குறையவே குறையாதுங்க!

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில உக்காந்து இப்பவே நமுட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டிருக்கற அண்ணன்களுக்கும் அக்காவுக்கும், லஞ்ச் க்யூ ஆரம்பிச்சிடுமோன்னு பின்னாடி கதவையே பாத்துக்கிட்டிருக்கற நம்ம நியூஜெர்சி தமிழ் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு என்ன? நியூஜெர்சியில ஊர் ஊரா இருக்கற போலீஸ் டிபார்ட்மென்ட்டையும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டையும், அதாவது ஊர் ஸ்கூல்களை நடத்தற நிர்வாகத்தையும், இணைச்சா சொத்து வரி குறையுமா, குறையாதா. குறையும்னு இப்ப பேசிட்டுப் போனாரே எதிரணித் தலைவர், செம பேச்சு, நானே கை தட்டினேன். 21 கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), 564 ஊர், கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், ஊருக்கு ஒரு போலீஸ் சீஃப், டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட்னு ஒரு தலைமை அதிகாரி, இத்தனை பேர் எதுக்கு, பாதியைத் தூக்குங்க வரி தானா இறங்கும்னாரு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! 2024ல மாநில சராசரி சொத்து வரி பில்லு பத்தாயிரம் டாலரைத் தாண்டிடுச்சு, எரிச்சல் எல்லாருக்கும்தான் இருக்கு, பிப்ரவரி மே ஆகஸ்ட் நவம்பர் ஒண்ணாந்தேதி வந்தா எங்க வீட்லயும் அதே முணுமுணுப்புதான். ஆனா எரிச்சல் வேற கணக்கு வேற.

அந்தக் கணக்கைத்தான் இப்ப போடப் போறேன். ஒரு சூப்பரின்டென்டென்ட்டுக்கு சம்பளம் 2 லட்சம் டாலர்னு வெச்சுக்குவோம். ஊர்ல 8,000 வீடு. அவரை வீட்டுக்கு அனுப்பிட்டா ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு மிச்சம் எவ்ளோ? 25 டாலர். மாசத்துக்கு ரெண்டு டாலர் சொச்சம், ஒரு காபிக்குக் கூட பத்தாது. சரி பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டரையும் அனுப்புங்க, போலீஸ் சீஃபையும் அனுப்புங்க, எல்லாரையும் அனுப்பிட்டு கூட்டிப் பாருங்க, பத்தாயிரத்துல நூறு டாலர் தேறினா பெரிய விஷயம். மிச்சம் 9,900 எங்க போகுது? பில்லுல பாதிக்கு மேல ஸ்கூலுக்கு, அடுத்த பெரிய பங்கு ஊருக்கு, மீதி கவுண்டிக்கு. ஸ்கூல் காசுல பெரும் பகுதி டீச்சர் சம்பளம், அவங்க ஹெல்த் இன்சூரன்ஸ், ஸ்பெஷல் எட், அதாவது சிறப்புக் கல்வி பிள்ளைங்களுக்கான செலவு, பஸ்ஸு. ரெண்டு டிஸ்ட்ரிக்ட்டை சேத்துட்டா பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சிடுமா? கிளாஸ்ல இருக்கற 22 பேரை 40 ஆக்கப் போறீங்களா? ஆக்கறோம்னு சொல்லுங்க, அடுத்த போர்டு மீட்டிங்ல நம்ம அம்மாக்களே மைக்கைப் பிடிச்சுருவாங்க.

இன்னொன்னு, எதிரணி யாரும் வாயே திறக்காத விஷயம். ரெண்டு டிஸ்ட்ரிக்ட்டை சேத்தா டீச்சர்ஸ் காண்ட்ராக்ட்டும் ரெண்டு. ஒரு ஊர் சம்பள ஸ்கேல் ஜாஸ்தி, ஒரு ஊர் ஸ்கேல் கம்மி. சேந்தப்புறம் எந்த ஸ்கேலுக்கு வருவாங்க? கம்மி ஸ்கேலுக்கு கையெழுத்து போடற யூனியனை இந்த மாநிலத்துல யாராவது பாத்திருக்கீங்களா? எல்லாரும் மேல இருக்கற ஸ்கேலுக்குத்தான் ஏறுவாங்க. போலீஸும் இதே கதைதான். அப்ப ஒரு சீஃப் சம்பளம் மிச்சம், நூறு பேருக்கு இன்கிரிமென்ட் கூடுதல், இது எந்த ஊர் சிக்கனம்?

சரி, இந்த 564 ஊர் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? இதுல ஒரு வேடிக்கை இருக்கு, நடுவர் ஐயா கொஞ்சம் கவனிக்கணும். 1894ல நியூஜெர்சியில ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஒரு டவுன்ஷிப்புக்குள்ள, அதாவது பல கிராமம் சேந்த பெரிய ஊருக்குள்ள, சின்னச் சின்னதா இருக்கற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டையெல்லாம் ஒண்ணா இணைக்கணும்னு. இன்னைக்கு எதிரணி கேக்கற அதே விஷயம். என்ன ஆச்சு? பக்கத்து கிராமத்து ஸ்கூல் கடனை நாங்க எதுக்கு கட்டணும்னு ஜனங்க கிளம்பிட்டாங்க. பரோவா, அதாவது தனி நிர்வாகம் உள்ள சின்ன ஊரா பிரிஞ்சா தனி டிஸ்ட்ரிக்ட் வெச்சுக்கலாம்னு சட்டத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, அவ்ளோதான், பெர்கன் கவுண்டியில அந்த ஒரே வருஷத்துல 26 பரோ முளைச்சுது. பரோ பைத்தியம்னே அதுக்கு பேர் வெச்சாங்க. இன்னைக்கு பெர்கன்ல மட்டும் 70 ஊர். அதாவது எதிரணி ஒழிக்கணும்னு சொல்ற இந்த சின்ன ஊர்ல பல ஊர், ஸ்கூலை இணைக்கப் போய் பொறந்ததுங்க ஐயா! 130 வருஷம் ஆச்சு, மனுஷன் மாறிட்டானா என்ன?

மாறலைங்கறதுக்கு கிட்டத்துலயே உதாரணம் இருக்கு. ஷோர் பக்கம், அதாவது கடற்கரைப் பக்கம், லாக் ஆர்பர்னு ஒரு குட்டி கிராமம், மொத்தமே ஒரு 200 பேர்தான். பிள்ளைங்களை பக்கத்து ஓஷன் டவுன்ஷிப் ஸ்கூலுக்கு அனுப்பிட்டு மொத்தமா ஒரு தொகை கட்டிக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. மாநிலம் ஸ்கூல் நிதி சட்டத்தை மாத்தி, இனிமே உங்க வீட்டு மதிப்புப்படி கட்டுங்கன்னுச்சு. பீச் ஓரத்து வீடு, மதிப்பு கேக்கணுமா, வரி பல மடங்கு எகிறிடுச்சு. பிள்ளைங்க அதே பத்திருபது பேர், ஸ்கூல் அதே ஸ்கூல். கடைசியில அந்த டிஸ்ட்ரிக்ட்டை விட்டு வெளிய வந்து பிள்ளைங்களை வேற ஊர் ஸ்கூலுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஊர் ஒரே பையில காசு போட்டா யாரு எவ்ளோ போடறதுங்கற சண்டை வந்தே தீரும். ஒருத்தருக்கு இறங்கினா இன்னொருத்தருக்கு ஏறும், மொத்தம் அப்படியே இருக்கும். நம்ம ஆளுங்க நெறைய பேர் இருக்கற வெஸ்ட் வின்ட்சர் பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட் ரெண்டு ஊர், ரெண்டு கவுண்டிக்கு சேத்து ஒண்ணுதான், ரொம்ப நல்ல டிஸ்ட்ரிக்ட், மறுக்கலை. ஆனா அங்க இருக்கறவங்க வரி கம்மியா கட்டறாங்களா? இந்த ஹால்லயே பாதிப் பேர் அங்கதான் இருக்கீங்க, சொல்லுங்க. (யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, சிரிக்கறாங்க.)

இப்ப பிரின்ஸ்டன். எதிரணி அக்கா பேப்பர்ல எழுதி ரெடியா வெச்சிருக்காங்க, எனக்கு இங்கிருந்தே தெரியுது. பிரின்ஸ்டன் பரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் 2011 நவம்பர்ல வோட்டு போட்டு 2013 ஜனவரி 1 அன்னைக்கு ஒண்ணாச்சு, போலீஸையும் இணைச்சாங்க. உண்மை. செலவும் கொஞ்சம் மிச்சமாச்சு, அதுவும் உண்மை. ஆனா அது எப்படிப்பட்ட ஊருங்க? மெதுவடையும் அதோட ஓட்டையும் மாதிரி, சுத்தி டவுன்ஷிப், நடுவுல பரோ. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எத்தனையோ வருஷம் முன்னாடியே ஒண்ணு, லைப்ரரி ஒண்ணு. மிச்சம் இருந்தது டவுன் ஹாலும் போலீஸும் பப்ளிக் ஒர்க்ஸும். அந்த ஊருக்கே அதை முடிக்க அம்பது அறுபது வருஷம் ஆச்சு, 1953ல இருந்து வோட்டு போட்டு போட்டு 1996ல கூட தோத்துப் போனது. அவ்ளோ கஷ்டப்பட்டு இணைஞ்சும் குறைஞ்சது பில்லுல ஊர் பங்குல ஒரு துளி, ஸ்கூல் பங்கும் கவுண்டி பங்கும் அப்படியே. இன்னைக்கும் பிரின்ஸ்டன் பில்லு மாநில சராசரிக்கு ரொம்ப மேல, வீட்டு விலை அங்க ஜாஸ்திங்கறதும் காரணம்தான், அதை மறைக்க மாட்டேன். அதுக்கப்புறம் இந்த மாநிலத்துல இணைஞ்ச ஊர் எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. 2022ல பைன் வேலி பைன் ஹில்லோட சேந்துச்சு. பைன் வேலிங்கறது ஊரே இல்லைங்க, ஒரு கோல்ஃப் கிளப்பு, இருபது பேர். 

கேம்டனையும் சொல்லுவாங்க. 2013ல சிட்டி போலீஸையே கலைச்சுட்டு கவுண்டி போலீஸ் வந்துச்சு, 2012ல 67 கொலை நடந்த ஊர்ல அதுக்கப்புறம் கொலை நல்லாவே குறைஞ்சுது, அதை நான் பாராட்டறேன். ஆனா அங்க வரி குறைக்கவா கலைச்சாங்க? பழைய காண்ட்ராக்ட்டை விட்டு வெளிய வந்து அதே காசுக்கு அதிக ஆளை ரோட்ல இறக்கணும்னு கலைச்சாங்க. கவுண்டி போலீஸ்னு பேர் வெச்சாங்களே, அந்த கவுண்டியில இருக்கற மத்த ஊர் எத்தனை சேந்துச்சு? ஒரு ஊர் கூட வரலை. அவங்கவங்க போலீஸை அவங்கவங்க கையிலயே வெச்சுக்கிட்டாங்க.

ஏன் வெச்சுக்கிட்டாங்கன்னு நமக்கு நல்லாவே தெரியும். டிசம்பர்ல ஆறு வாரம் ஊருக்கு, அதாவது மதுரைக்கோ கோவைக்கோ போறோம், போறதுக்கு முன்னாடி டவுன் போலீஸ்ல வீடு காலியா இருக்கும்னு ஒரு ஃபார்ம் குடுக்கறோம், எந்த லைட் டைமர்ல எரியும், டிரைவ்வேல எந்த கார் நிக்கும், சாவி எந்தப் பக்கத்து வீட்ல இருக்கு, எல்லாம் எழுதி. ராத்திரி பேட்ரோல் கார் அந்தப் பக்கமா ஒரு ரவுண்டு வரும். நகைக்காக நம்மாளுங்க வீட்டையே குறி வெச்சு திருடறாங்கன்னு எத்தனை பயம் பரவியிருக்கு, அந்த நேரத்துல அந்த ரவுண்டு எவ்ளோ நிம்மதி. கவுண்டி முழுக்க ஒரே டிபார்ட்மென்ட்னு ஆனா இந்த ஃபார்மை யார்கிட்ட குடுக்கறது, எந்த கால் மெனுல ஒண்ணை அழுத்தி ரெண்டை அழுத்தி நிக்கறது? ரோடு நீளம் குறையாது, வீடு குறையாது, ராத்திரி ஷிஃப்ட் குறையாது. அதே சுத்தளவுக்கு அதே காரும் அதே ஆளும் வேணும். குறைச்சா சர்வீஸ் குறையும், குறைக்கலேன்னா வரி குறையாது.

மேரிலாண்டைப் பாருங்கன்னு எதிரணி அண்ணன் அடிச்சு விட்டாரு. அங்க மாநிலம் மொத்தத்துக்கே 24 ஸ்கூல் சிஸ்டம்தான், மான்ட்காமரி, ஹோவர்டெல்லாம் எவ்ளோ நல்ல ஸ்கூல், சொத்து வரியும் கம்மின்னாரு. பாதிக் கதையைச் சொன்னா எப்படிண்ணே? மேரிலாண்ட்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸுக்கு மேல கவுண்டிக்குன்னு தனியா ஒரு இன்கம் டாக்ஸ் இருக்கு, மான்ட்காமரியில 3.2 பர்சென்ட். வரி போடற வருமானம் ஒன்றரை லட்சம்னா 4,800 டாலர் அங்க கட்டறீங்க. நியூஜெர்சியில கவுண்டிக்கு அப்படி ஒரு வரியே கிடையாது. அவங்க ஒரு பாக்கெட்ல எடுக்கறாங்க, இங்க இன்னொரு பாக்கெட்ல எடுக்கறாங்க. அங்க சொத்து வரி கம்மியா தெரியறதுக்கு இணைப்பு மட்டும் காரணம்னு சொன்னா, அங்க இருக்கற உங்க மச்சான்கிட்ட டாக்ஸ் ரிட்டர்னை வாங்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

அப்ப இணைக்கவே கூடாதான்னா, அப்படி நான் சொல்லலை. நூறு பிள்ளைங்க மட்டும் இருக்கற குட்டி டிஸ்ட்ரிக்ட் ரெண்டு மூணு சேந்தா அர்த்தம் இருக்கு, ஹண்டர்டன் கவுண்டியில லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் மூணும் அப்படி வோட்டு போட்டு சேந்தாங்க. வெள்ளைக்கார ஸ்கூல் தனி, கறுப்பு லத்தினோ பிள்ளைங்க ஸ்கூல் தனின்னு பிரிஞ்சு கிடக்கற அநியாயத்தை உடைக்க டிஸ்ட்ரிக்ட் கோட்டை அழிக்கணும்னு யாராவது வந்தா நானே முதல் கையெழுத்து போடுவேன், 2018ல இருந்து அதுக்காக கேஸே நடக்குது. ஆனா அதை அந்தக் காரணத்தைச் சொல்லி கேளுங்க. பில்லு குறையும்னு ஆசை காட்டி வோட்டு வாங்கி, மூணாவது வருஷம் பில்லு ஏறினப்புறம் ஜனங்க திரும்பி பாத்தா, நல்ல காரணத்துக்கு வந்த இணைப்பும் சேந்து நாறிடும்.

நிஜமாவே செலவைக் குறைக்கணும்னா பேரை மாத்தாம குறைக்க வழி இருக்கு. 911 டிஸ்பேட்ச்சை, அதாவது அவசர கால் எடுத்து ஆளை அனுப்பற வேலையை, நாலு ஊர் சேந்து நடத்தறாங்க, பனிக்காலத்து உப்பை சேந்து வாங்கறாங்க, ஸ்பெஷல் எட் பஸ் ரூட்டை பல டிஸ்ட்ரிக்ட் பங்கு போட்டுக்கறாங்க. பெரிய ஓட்டை ஹெல்த் இன்சூரன்ஸ்தான். 2023ல ஸ்டேட் நடத்தற ஹெல்த் பிளான்ல இருக்கற ஊராட்சி ஊழியர்களுக்கு ஒரே வருஷத்துல 20 பர்சென்ட்டுக்கு மேல பிரீமியத்தை ஏத்தினாங்க. ரெண்டு பர்சென்ட்டுக்கு மேல வரி ஏத்தக் கூடாதுன்னு 2010ல போட்ட சட்டத்துல ஹெல்த் இன்சூரன்ஸ் ஏத்தத்துக்கும் பென்ஷனுக்கும் கடனுக்கும் விதிவிலக்கு இருக்கு, அந்தப் பக்கமாத்தான் நம்ம பில்லு வளருது. அந்த பிரீமியம் பெரிய ஊர் சின்ன ஊர்னு பாத்து ஏறலை. எல்லாருக்கும் ஏறுச்சு.

மணி அடிச்சுட்டாங்க, இன்னும் ஒரு நிமிஷம் இருக்குன்னு நெனைக்கறேன், இல்லையாம். சரி. எதிரணி அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி: இணைச்சப்புறம் டீச்சரையா குறைப்பீங்க, பேட்ரோல் காரையா குறைப்பீங்க, இல்ல அந்த 25 டாலர்தானா? அதைச் சொல்லிட்டு மத்ததைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.