நம்பிக்கைக்கு வவுச்சர் கேட்டால் குற்றமா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மிச்ச வணக்கங்களை எதிரணியே சொல்லி முடிச்சிட்டினம். நான் விசயத்துக்கு வாறன்.

'போதிய ஆதாரமில்லாமல் நம்புவது தவறே' எண்டது எங்கட கட்சி. கிளிஃபர்ட் எண்ட ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் இதை 1877இலயே எழுதிப்போட்டார். அவர் சொன்ன உதாரணக் கதையில, பழுதான கப்பல் வைச்சிருந்த ஒரு முதலாளி, 'இவ்வளவு தரம் போய்வந்த கப்பல்தானே, கடவுள் காப்பாத்துவார்' எண்டு தன்ர மனதைத் தானே தேற்றி, சனத்தை ஏத்தி அனுப்பினாராம். கப்பல் நடுக்கடலில தாண்டுபோச்சு. அவர் சத்தம்போடாமல் காப்புறுதிக் காசை எடுத்தார். அவர் மனதார நம்பினவர்தான். ஆனால் அப்பிடி நம்ப அவருக்கு உரிமை இல்லை எண்டார் கிளிஃபர்ட். கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே எண்டார்.

சரி, கப்பல் தூரம். கேகாலை கிட்ட.

2020 டிசம்பர். கொரோனாவுக்கு மருந்துப் பாணி எண்டு கேகாலையில ஆயிரக்கணக்கில சனம் முண்டியடிச்சது ஞாபகம் இருக்குத்தானே? தேனும் சாதிக்காயும், காளி அருளின மருந்தாம். எங்கட மாடியில ஒரு மாமா, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். கந்தோரில நெருப்புப்பெட்டி வாங்கினாலும் 'வவுச்சர் எங்கை?' எண்டு கேட்ட மனுசன். நெருப்புப்பெட்டிக்கு, நடுவர் அவர்களே! அவர் எங்கையோ ஒரு போத்தல் பாணி எடுத்து, ஃபிரிட்ஜில வைச்சு, ஒரு கொப்பியும் போட்டார். திகதி, கரண்டி, மிச்ச இருப்பு, மாமியின்ர கையெழுத்து. குடிச்சதுக்குக் கையெழுத்து இருக்கு, குணமாக்கும் எண்டதுக்கு மட்டும் ஒண்டும் இல்லை!

பொறுங்கோ, முடியேல்லை. பாணியைப் பகிரங்கமாக் குடிச்ச, அப்ப இருந்த சுகாதார அமைச்சர் அம்மாவுக்கே 2021 ஜனவரியில தொற்று. ஓடிப்போய் மாமாவிட்டச் சொன்னன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுச் சொல்றார்: "தம்பி, அவ அளவு பிழையாக் குடிச்சிருப்பா. அவவிட்டக் கொப்பி இல்லை."

இதுதான் எதிரணியின்ர நம்பிக்கை! கப்பல் தாண்டாலும் கடலில பிழை.

இப்ப எதிரணித் தலைவர் அண்ணர் ஒரு நக்கல் விட்டார், நீங்களும் கைதட்டினீங்கள். "தம்பி, காலமை மனிசி தந்த இடியப்பத்தை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பிப்போட்டே சாப்பிட்டீர்?" எண்டு. அண்ணை, கலியாணம் கட்டின நாள்தொட்டு அவ அவிச்சதைத் திண்டு, மைக்குக்கு முன்னால நிமிர்ந்து நிக்கிறன். இந்த உடம்புதான் பகுப்பாய்வு அறிக்கை! என்ர மனிசி என்ன ஆதாரம் பாக்காதவவோ? வெள்ளவத்தை மார்க்கெட்டில வந்து பாருங்கோ. மீன்காரர் "அக்கா, இப்பதான் வந்தது" எண்டு அம்மாவாணை சத்தியம் பண்ணுவார். இவ பதில் பேசமாட்டா. செவுளைத் தூக்குவா, சிவப்போ எண்டு பாப்பா, வயித்தை விரலால அமத்துவா, மணந்து பாப்பா. பிறகுதான் பேர்சைத் திறப்பா. மீனில இவ்வளவு பாக்கிறவ மாப்பிள்ளை விசயத்தில ஏன் கவனிக்காமல் விட்டவ எண்டு அண்ணர் கேக்கலாம். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.

மணி கேட்டுது. ஒரு நிமிசம் தாங்கோ.

எதிரணியில பேசின தங்கச்சி சொன்னா, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை வருவான் எண்டு காத்திருக்கிற தாயிட்ட என்ன ஆதாரம் இருக்கு, அவ செய்யிறது தவறோ எண்டு. சபை அமைதியாப் போச்சு. எனக்கும் தொண்டை அடைச்சது. தங்கச்சி, 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில, பிறகு வவுனியாவில, அந்தத் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தது எதைக் கேட்டு? "என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது, சொல்லு" எண்டுதானே! இலட்சம் ரூபா தாறம் எண்டு அரசாங்கம் சொன்னது, வேண்டாம் எண்டினம். செத்திட்டான் எண்டு எழுதின கடுதாசியை வாங்கமாட்டம் எண்டினம். படத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, வெயிலில, மழையில, ஆதாரம் கேட்டே எத்தினை தாய்மார் கண்ணை மூடிட்டினம். ஆதாரத்தைக் கையில வைச்சுக்கொண்டு வாய் திறக்காதவனை விட்டுப்போட்டு, அந்தத் தாயைக் கூண்டில ஏத்தலாமோ?

தங்கச்சி, அவவை உங்கட பக்கச் சாட்சியாக் கூப்பிட்டீங்கள். இல்லை, அவ எங்கட ஆள். என்ர கதிரையிலை அவ இருக்கட்டும், நான் நிக்கிறன். நடுவர் அவர்களே, இனி மணியை அடியுங்கோ.