டோல் லேன் வரட்டும், ஆனா ஒப்பந்தத்தை முதல்ல காட்டுங்க

எல்லாருக்கும் வணக்கம். இங்க உக்காந்திருக்கறதுல பாதி பேர் ஆபீஸ் முடிச்சு ட்ராஃபிக்ல ஊர்ந்து வந்தவங்கதான்னு முகத்தைப் பாத்தாலே தெரியுது, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். தினமும் லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போற ஹைவேல, இருக்கற ஃப்ரீ லேன்களை அப்படியே விட்டுட்டு, பக்கத்துல காசு கட்டிப் போற லேன், அதாவது டோல் லேன், ஒண்ணு ரெண்டு போடலாமாங்கறதுதான் கேள்வி. கூட்டம் ஏற ஏற அந்த லேனோட ரேட்டும் ஏறும், கூட்டம் குறைஞ்சா ரேட்டும் குறையும். இது எங்க பேசினாலும் சண்டை வருது, வரத்தான் செய்யும், ஏன்னா இது நம்ம நேரத்தைப் பத்தின விஷயம்.

முதல்ல நெரிசல்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். ஒரு லேன்ல வண்டிங்க சீரா ஓடிட்டிருந்தா மணிக்கு சுமார் 2,000 வண்டி கடந்து போகும். அதுக்கு மேல கொஞ்சம் திணிச்சா, யாரோ ஒருத்தர் பிரேக் போட, பின்னாடி இருக்கறவர் இன்னும் பலமா போட, அப்படியே அலை மாதிரி பின்னாடி போய் எல்லாமே நின்னுடும். நின்ன பிறகு அந்த லேன் 2,000 வண்டியைக்கூட அனுப்பாது, அதைவிடக் கம்மியாதான் அனுப்பும். வீட்ல ஒரு புனல் எடுத்து அரிசியை மொத்தமா கொட்டிப் பாருங்க, வாய்ல அடைச்சுக்கும், அதே அரிசியை மெதுவா ஒரே சீரா விட்டீங்கன்னா சரசரன்னு சீக்கிரமே இறங்கிடும். புனலோட அளவு மாறல, அரிசியும் அதேதான், உள்ள விடற விதம் மட்டும்தான் மாறிச்சு. டோல் லேன்ல அந்த ரேட்டு செய்யற வேலை இதுதான், உள்ள வர்ற வண்டியை அளந்து விடறது.

அப்ப சும்மா இன்னொரு ஃப்ரீ லேன் போட்டா போதாதான்னு கேப்பீங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சேன். ஆந்தனி டவுன்ஸ்னு ஒரு பொருளாதார அறிஞர் 1962லயே சொல்லிட்டார், ரோட்டை அகலப்படுத்தினா, இத்தனை நாள் வேற வழில போனவங்க, வேற நேரத்துல போனவங்க, பஸ்ஸு ரயில்ல போனவங்க எல்லாரும் இங்க வந்து சேர்ந்துடுவாங்க, பீக் நேரத்துல பழைய நெரிசலே திரும்ப வந்துடும்னு. அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல கேட்டி ஃப்ரீவேங்கற ஹைவேயை 2008ல அகலப்படுத்தி முடிச்சாங்க, சர்வீஸ் ரோடெல்லாம் சேத்து சில இடத்துல 26 லேன், இருநூத்தம்பது கோடி டாலருக்கு மேல செலவு. சில வருஷத்துலயே பீக் நேரப் பயணம் மறுபடி நீள ஆரம்பிச்சுடுச்சு.

ரோட்டுக்கு நேரத்துக்குத் தகுந்த விலை வைக்கணும்னு 1959லயே அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னாடி போய் சொன்னவர் வில்லியம் விக்ரிங்கற பொருளாதார அறிஞர். அப்ப யாரும் காதுல போட்டுக்கல. 1996ல அவருக்கு நோபல் பரிசு அறிவிச்சாங்க, அறிவிச்ச மூணாவது நாளே இறந்துட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

சரி, தத்துவம் போதும், எதிர்க்கறவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம். அமெரிக்காவுல இதுக்கு லெக்சஸ்ங்கற சொகுசுக் காரை வெச்சு ‘லெக்சஸ் லேன்’னே பேர் வெச்சாங்க, பணக்காரன் பறப்பான், மத்தவன் நின்னு பாத்துட்டிருப்பான்னு. இந்தக் கோபத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். வர்ஜீனியாவுல ஐ-66 ரோட்ல 2017 டிசம்பர்ல டோல் ஆரம்பிச்சாங்க, முதல் வாரத்துலயே ஒரு தடவை போக 40 டாலர்னு போர்டுல காட்டுச்சு, வெறும் பத்து மைலுக்கு. அதைப் பாத்தவன் வயிறு எரியாம இருக்குமா? ஆனா அதே ரோட்ல அதுக்கு முன்னாடி பீக் நேரத்துல தனியா கார் ஓட்டிட்டுப் போறதுக்கு அனுமதியே பெரும்பாலும் இல்ல, ரெண்டு பேராவது இருக்கணும், டோல் வந்த பிறகும் 2022 வரைக்கும் ரெண்டு பேரா போனவங்களுக்கு ஃப்ரீதான், வசூலான காசுல ஒரு பங்கு பஸ்ஸு ரயில் திட்டங்களுக்குப் போச்சு. இதையும் சேத்துதான் எடை போடணும்.

இன்னொண்ணு, ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. குழந்தையை டே கேர்ல இருந்து ஆறு மணிக்குள்ள கூப்பிடணும், லேட்டானா நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு அபராதம். மணி அஞ்சே முக்கால், முன்னாடி சிவப்பு விளக்கு வரிசை கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும், போர்டுல ரேட்டு மின்னுது, யோசிக்க அஞ்சு செகண்டுகூட இல்ல. அன்னிக்கு அவங்க அந்தக் காசைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க, மறுநாள் போக மாட்டாங்க. டோல் லேன்ல போறவங்கள்ல நெறைய பேர் இந்த மாதிரி எப்பவாவது போறவங்கதான். அதே சமயம் ஷிஃப்ட் நேரத்தை மாத்திக்க முடியாத ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு தினமும் இந்த ரேட்டு கட்டுப்படியாகாது, அவருக்கு இந்தத் திட்டத்துல என்ன இருக்குங்கற கேள்விக்கு பதில் சொல்லாம எந்த அதிகாரியும் மேடையை விட்டு இறங்கக் கூடாதுன்னு நான் நினைக்கறேன். என்னைக் கேட்டா அதுக்கு பதில் பஸ்தான். நெரிசல்ல சிக்காத லேன் இருக்குன்னா அதுல பஸ் ஓடணும், ஃப்ரீயா ஓடணும், அடிக்கடி ஓடணும், டோல் காசு முதல்ல அங்க போகணும்.

இப்பதான் நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கலிஃபோர்னியாவுல ரிவர்சைட் பக்கம் வீடு விலை கம்மி, வேலை ஆரஞ்சு கவுன்ட்டில, நடுவுல மலையை ஒட்டி 91ங்கற ஒரே பெரிய ரோடு. 1995 டிசம்பர்ல அதோட நடுவுல பத்து மைலுக்கு நாலு டோல் லேன் திறந்தாங்க, நேரத்துக்கு ஒரு ரேட்டுன்னு அமெரிக்காவுல வந்த முதல் ரோடு அதுதான், காசு வாங்க பூத்தே கிடையாது, எல்லாம் மின்னணு முறைதான். லேன் நல்லா ஓடுச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா கட்டினது தனியார் கம்பெனி, அவங்களோட 35 வருஷ ஒப்பந்தம், அதுக்குள்ள ஒரு ஷரத்து. டோல் லேனுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை மைலுக்குள்ள அரசு ரோட்டை அகலப்படுத்தக் கூடாதாம்! அதாவது ஃப்ரீ லேன்ல நிக்கறவங்க நின்னுட்டே இருந்தாதான் டோல் லேனுக்கு ஆள் வரும்னு எழுத்துல குடுத்துட்டாங்க. 1999ல பாதுகாப்புக்காக ரோட்ல கூடுதல் லேன் சேக்கலாம்னு அரசு கிளம்பினப்போ கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, அரசு பின்வாங்கிடுச்சு. ஜனங்க கொந்தளிச்சாங்க. கடைசில 2003ல ஆரஞ்சு கவுன்ட்டி போக்குவரத்து ஆணையம் 20.75 கோடி டாலர் குடுத்து அந்த லேன்களையே வாங்கிடுச்சு, அதுக்கப்புறம்தான் ஷரத்து ஒழிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க, தன்னோட ரோட்டைத் தானே சரி பண்ணிக்கற உரிமைக்காக ஜனங்க இருபது கோடி டாலருக்கு மேல குடுத்திருக்காங்க. தப்பு டோல்ல இல்ல, நெரிசல் இருந்தா ஒருத்தருக்கு லாபம்னு எழுதின பேப்பர்ல இருக்கு. இதைப் பாத்த பிறகும் வட கரோலினாவுல சார்லட் பக்கம் ஐ-77க்கு 2014ல 50 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க, பக்கத்துல ஃப்ரீ லேன் சேத்தா கம்பெனிக்கு நஷ்டஈடு குடுக்க வேண்டி வரலாம்னு அதுலயும் ஷரத்து. அம்பது வருஷம்ங்க. இன்னிக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரிட்டயர் ஆகப்போற வயசு வரைக்கும்.

இதுக்கு மாறா சியாட்டில் பக்கம் ஐ-405ஐப் பாருங்க. 2015 செப்டம்பர்ல அரசே டோல் லேன் ஆரம்பிச்சுது, அப்ப அதிகபட்சம் 10 டாலர். அதுவரைக்கும் கார்ல ரெண்டு பேர் சேந்து போனாலே அந்த லேன்ல போகலாம், அதை பீக் நேரத்துல மூணு பேர் இருந்தாதான் ஃப்ரீன்னு மாத்தினதும் பயங்கர எதிர்ப்பு, ராத்திரிலயும் லீவு நாள்லயும் எதுக்கு டோல்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. ஆறே மாசத்துல, 2016 மார்ச்சுல, ராத்திரி ஏழு மணிக்கு மேலயும் சனி ஞாயிறுலயும் டோல் இல்லன்னு மாத்திட்டாங்க. எல்லாப் பிரச்சனையும் தீந்துடல, ஆனா ஜனங்க சத்தம் போட்டா மாத்தற இடத்துல சாவி இருந்துச்சு பாருங்க, அதைத்தான் நான் கேக்கறேன்.

டோலே வேணாம், வரில கட்டுங்கன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவுல மத்திய அரசோட பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட், 1993லருந்து அது ஏறவே இல்ல. அந்தப் பள்ளத்தை ரொப்ப நிறைய இடத்துல விற்பனை வரியைத்தான் ஏத்தறாங்க, ஆரஞ்சு கவுன்ட்டிலயே 1990ல போக்குவரத்துக்குன்னு அரை சதவீதம் ஏத்தினாங்க. விற்பனை வரியை யார் கட்டறாங்க? காரே இல்லாம பஸ்ல போறவரும் குழந்தைக்கு செருப்பு வாங்கும்போது கட்டறார். அதைவிட டோல் அநியாயம்னு என்னால சொல்ல முடியல.

அதனால டோல் லேனைப் பத்தின அடுத்த பொதுக் கருத்துக் கேட்புக்கு தயவுசெஞ்சு வாங்க, வரும்போது ரேட்டு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு உக்காந்துடாதீங்க. ஒப்பந்தம் எத்தனை வருஷம், பக்கத்துல ரோடு போடக் கூடாதுன்னு ஷரத்து இருக்கா, இருந்தா ஒப்பந்தத்துல எத்தனாவது பக்கத்துல இருக்கு, இருக்கற ஃப்ரீ லேன்ல ஒண்ணை எடுக்கறாங்களா இல்ல புதுசா கட்டறாங்களா, பஸ்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கறாங்கன்னு கேளுங்க. முழு நகலைக் கையில குடுங்கன்னு கேளுங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க.