பால் ஊற்றுவது போல மின்சாரம் ஊற்றும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பால் சொசைட்டி வாசலில் நடப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூன்று லிட்டர் கொண்டுவருவார், ஒருவர் எட்டு லிட்டர். அளப்பார்கள், சத்து பார்ப்பார்கள், அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். எல்லார் பாலும் ஒரே லாரியில் ஏறும். மூன்று லிட்டர்காரர் வீட்டு வாசலுக்கு லாரி தனியாக வராது, வந்தால் கட்டுப்படியாகாது. இன்று நான் பேச வந்ததும் இப்படி ஒரு சொசைட்டியைப் பற்றித்தான். அங்கே ஊற்றுவது பால் இல்லை, மின்சாரம்.

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் டுண்டி என்று ஒரு கிராமம். 1946இல் அமுல் பால் சங்கம் தொடங்கிய அதே கேடா. அங்கே 2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சாரம் விற்பதற்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள். அதுவரை அவர்கள் ஆயில் இன்ஜினில் தண்ணீர் இறைத்தவர்கள். யோசனையும் பெரும்பகுதிப் பணமும் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்திடமிருந்து வந்தன. அந்த நிறுவனத்தின் தலைமையகம் நம் பக்கத்தில், இலங்கையில்தான் இருக்கிறது. ஆறு பேர் கிணற்றிலும் சேர்த்து 56.4 கிலோவாட் சோலார் தகடுகள். விவசாயிகள் தங்கள் பங்காகக் கிலோவாட்டுக்கு 5,000 ரூபாய் போட்டார்கள். இவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு மூன்று பேர் சேர்ந்தார்களே, அவர்கள் கிலோவாட்டுக்கு 25,000 ரூபாய் கொடுத்தார்கள். கண்ணால் பார்த்த பிறகு ஐந்து மடங்கு கொடுக்கவும் விவசாயி தயங்கவில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். கையில் பேப்பர் வேண்டாம், மனக்கணக்கே போதும். ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஏழரை ஹெச்.பி. மோட்டாருக்கு ஏறக்குறைய எட்டு கிலோவாட் தகடு வேண்டும். ஆக, ஒரு நாளைக்குச் சராசரியாக 32 யூனிட். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படுவதோ வருடத்தில் சில மாதங்கள்தான். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும்போதும், மழை பெய்து வயல் நிறைந்திருக்கும்போதும் தகடு சும்மா வெயில் காய்கிறது. டுண்டியில் அந்த மிச்சத்தை மின்வாரியம் யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு 25 வருடம் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது. 32 யூனிட்டுக்கு 148 ரூபாய். இதற்கு மேல், சுத்தமான மின்சாரத்துக்கு 1 ரூபாய் 25 காசு, நிலத்தடி நீரை மிச்சம் பிடித்ததற்கு இன்னொரு 1 ரூபாய் 25 காசு என்று அந்த ஆராய்ச்சி நிறுவனம் ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுத்தது. இதற்குப் பதிலாக உறுப்பினர்கள், மானிய விலை விவசாய மின் இணைப்பு கேட்கும் உரிமையை 25 வருடத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். மின்வாரியத்துக்கும் லாபம், அதனால்தான் கையெழுத்து விழுந்தது.

நிலத்தடி நீரை மிச்சம் பிடிப்பது என்றேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர் மோட்டாரை நிறுத்தும்போது டீசல் மிச்சம். சோலார் மோட்டாரை நிறுத்தினால் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை. வெயில் இலவசம், ஆகவே வாய்க்கால் நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடும், கிணறு இறங்கும். நம் தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. விற்க ஒரு வழி இருந்தால்தான் மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு விலை கிடைக்கும். மானியத்தில் தனி சோலார் பம்பு மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச மின்சாரத்துக்கு வழி வைக்காமல் போவது நிலத்தடி நீருக்கு நாமே வைக்கும் உலை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, ஆறு பேரும் தனித்தனியாக விற்கக் கூடாதா? முடியும். ஆனால் மின்வாரியம் ஆறு மீட்டர் பார்க்க வேண்டும், ஆறு பில், ஆறு ஒப்பந்தம். பால் லாரி கதைதான். டுண்டியில் ஆறு கிணறுகளையும் ஒரு கம்பியில் கோத்து, ஒரே இடத்தில், ஒரே மீட்டர் வழியாக வாரியத்துக்குக் கொடுத்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் தனி மீட்டர் உண்டு, அது சொசைட்டிக்கு. வாரியம் சொசைட்டிக்குப் பணம் தரும், சொசைட்டி பிரித்துக் கொடுக்கும். இதில் ஒன்றை முதல் நாளே விதியில் எழுதிவிட வேண்டும். ஆறு மீட்டரையும் கூட்டினால் 200 யூனிட், பெரிய மீட்டரில் 195 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து யூனிட் கம்பியில் சூடாகப் போய்விட்டது, யாரும் திருடவில்லை. அவரவர் ஊற்றிய அளவுக்குத் தக்கபடி அந்த ஐந்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

எங்கெல்லாம் கெடும் என்பதைச் சொல்கிறேன். வாரியத்தின் லைனில் மின்சாரம் நின்றால் தகட்டு மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உங்கள் இன்வெர்ட்டரும் ஏற்றுமதியை உடனே நிறுத்திவிடும். கோளாறு என்று நினைக்காதீர்கள், அது அப்படித்தான் செய்யவேண்டும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் இதன் பொருள் என்ன? பீடர் என்கிற விவசாய மின்தடத்துக்கு மும்முனை மின்சாரம் இரவில் மட்டும் வருகிற ஊரில், பகல் வெயிலை விற்கவே முடியாது. பகல் முழுக்க லைன் உயிரோடு இருக்குமா என்று கேட்காமல் ஒரு தகடுகூட வாங்கக் கூடாது.

அடுத்தது கடைமடைச் சிக்கல். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்பது நமக்குத் தெரியும். மின்சாரத்திலும் டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்தில் இருப்பவருக்கு வோல்டேஜ் குறைவு. இப்போது கடைமடையிலிருந்து தலைமடைக்குத் தண்ணீர் ஏற்றச் சொன்னால்? கடைமடையைத்தான் மேடாக்க வேண்டும். அதேபோல் கடைசிக் கிணற்றிலிருந்து மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கிப் போக, அங்கே வோல்டேஜ் ஏறும். மதியம் பன்னிரண்டு மணி, நல்ல வெயில், யாரும் மோட்டார் போடவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது, 230 இருக்க வேண்டிய இடத்தில் 250ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானே ஓடும், மறுபடி நிற்கும். நல்ல விளைச்சல் நேரத்தில் வருமானம் போகும், அதுவும் எப்போதும் கடைசிக் கிணற்றுக்காரருக்கே போகும். கம்பி மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம். தடித்த கம்பி போடுவது, டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் என்று சொல்லும் நிலையை மாற்றி வைப்பது, இரண்டும் உதவும். முதலில் தடித்த கம்பிக்குச் செலவு செய்யுங்கள், பிறகு தகட்டுக்கு.

தகடு துடைப்பது சின்ன வேலைதான், ஆனால் தவறாகத்தான் செய்கிறார்கள். கொதிக்கிற மதியத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். விடியற்காலையில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கழுவிய சுவடே வெள்ளைப் படிவமாக நிற்கும், மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தென்னங்கீற்றின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால் அதோடு கோத்த வரிசை முழுவதற்கும் உற்பத்தி குறையும்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். 1969இல் நம் நாட்டில் சோதனையாகத் தொடங்கிய ஐந்து ஊரக மின் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கர்நாடகத்தின் ஹுக்கேரியில் சங்கம் நிலைத்து நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் முலா-பிரவராவில் 2011இல் மின் விநியோக உரிமம் போய்விட்டது, வாங்கிய மின்சாரத்துக்கு நிலுவை ஏறியதே முக்கியக் காரணம். அவை வாங்கி விற்ற சங்கங்கள், டுண்டி விளைவித்து விற்கிறது. ஆனாலும் சங்கத்தைச் சாய்ப்பது பணம் தாமதமாவதுதான். எனவே வாரியம் இரண்டு மாதம் தராவிட்டாலும் உறுப்பினருக்குக் கொடுக்கிற அளவுக்கு, முதல் வருட வருமானத்திலேயே கையிருப்பு ஒதுக்கிவிடுங்கள். விவசாயிகளின் சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் குசும் திட்டம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் உங்கள் வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்தில் கேளுங்கள்.

வணக்கம்.